குப்பைமேட்டுக்குப் போவதை மண்ணுக்குக் கொடுப்போம்

சேனாநாயக்க சமுத்திரத்தின் நீரால் விளையும் வயல்கள் சம்மாந்துறையைச் சூழ்ந்து கிடக்கின்றன. ஆனாலும் ஒரு கத்தரிக் கன்றை நட்டுக் காய் பறித்த அனுபவம் இல்லாத இளைஞர்கள் எமது ஊரிலும், நெருக்கமான கல்முனை, சாய்ந்தமருதிலும் பெருகி வருகின்றனர்.

2022 எரிபொருள் நெருக்கடியின்போது வீட்டுத்தோட்டம் செய்வதற்காக அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்கப்பட்டது. விடுமுறையை ஒரு சுற்றறிக்கையால் கொடுக்கலாம். பயிர் செய்யும் பழக்கத்தை அப்படிக் கொடுக்க முடியாது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, நவம்பரில் அத்தடையைத் தளர்த்த நேர்ந்ததும் இதே பாடத்தையே சொல்கிறது. சேதன விவசாயத்தைப் படிப்படியாகவே கற்க வேண்டும்.

அதன் முதற்படி கூட்டுப்பசளை. எமது மாவட்டத்தின் பள்ளக்காடு குப்பைமேட்டில் உணவு தேடி வரும் யானைகள் பிளாஸ்டிக்கையும் விழுங்கி இறக்கின்றன. சமையலறைக் கழிவைப் பிரித்தெடுத்தால் யானைகளை அங்கே இழுக்கும் உணவு குறையும்; எமக்குப் பசளையும் கிடைக்கும்.

செய்முறை எளிது. காய்ந்த வைக்கோல், மரக்கறிக் கழிவு, கிளிசரிடியா இலை, மாட்டெரு என அடுக்கடுக்காகப் போட வேண்டும். மீன், இறைச்சிக் கழிவைச் சேர்க்கக் கூடாது. பிழிந்த துணியளவு ஈரம் போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புரட்டினால் சுமார் மூன்று மாதத்தில் கறுத்து, மண்வாசனையோடு பசளையாகிவிடும். நீரைத் தக்கவைக்காத எமது கரையோர மணலுக்கு இதுவே பெரும் துணை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பாத்திகளை வைக்கோலால் மூடினால் ஈரம் நிற்கும். முற்றம் இல்லாதோர் பழைய உரப்பைகளில் மிளகாய், வெண்டி, கீரை நடலாம்.

சாதாரண தரத்தில் ‘விவசாயமும் உணவுத் தொழில்நுட்பவியலும்’ ஒரு பாடமாக இருக்கிறது. ஆனால் பாடசாலைத் தோட்டங்கள் வாடுவது விடுமுறைக் காலத்தில்தான். எனவே தோட்டத்தை மஹல்லாவோடு இணைக்க வேண்டும். பள்ளிவாசல் வளவில் நான்கு பாத்திகள் போட்டு, ஒவ்வொரு பாத்தியையும் ஐந்து இளைஞர்களிடம் ஒப்படைக்கலாம். வுழூச் செய்து வடிந்தோடும் நீரை அங்கே திருப்பலாம். விவசாயப் போதனாசிரியரை மாதம் ஒருமுறை அழைக்கலாம். விளைச்சலில் ஒரு பங்கை வறிய குடும்பங்களுக்குக் கொடுக்கலாம்.

மரம் நட்டு அதில் மனிதனோ பறவையோ உண்டால் அது ஸதகா என்பது நாம் சிறுவயது முதல் கேட்டுவரும் நபிமொழி. அதைப் பிள்ளைகள் கையால் செய்து பார்க்க நிர்வாகங்கள் கொஞ்சம் இடம் ஒதுக்கினால் போதும். மழைக்காலத்துக்கு மூன்று மாதம் முன்னரே பசளைக் குவியலைத் தொடங்கிவிடலாம்.