நீளாத கயிறும் நிலைத்த அடியும்

கல்முனைக்கு அயலே அமைந்த நற்பிட்டிமுனையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் தென்னை இல்லாத வளவு அரிது. தென்னையும் பனையும் ஏறுவோர் தம் பாதங்களிற் பூட்டிக்கொள்ளும் வளையத்துக்குத் தளைநார் என்பது பெயர். பார்வைக்கு அஃது ஒரு சாண் கயிறு போலத் தோன்றினும், ஏறுபவரின் உயிர் பெரிதும் அதனையே நம்பியிருக்கிறது.

ஏறுபவர் இரு பாதங்களையும் மரத்தின் இரு மருங்கிலும் வைத்துப் புறமாக அழுத்துகிறார். அப்போது வளையம் இறுகுகிறது. அந்த இறுக்கமே பாதங்களை மரத்தோடு பற்றச் செய்கிறது. வளையம் நீண்டு கொடுத்தால் பாதங்கள் விலகும், பிடி தளரும். எனவே தளைநாருக்கு வலிமை மட்டும் போதாது, நீளாமையும் வேண்டும்.

தொங்கும் கயிற்றில் ஏறுவோருக்கும் இதே விதி பொருந்தும். 1931ஆம் ஆண்டில் ஆஸ்திரிய மலையேறியான கார்ல் புருசிக் ஒரு முடிச்சை விளக்கி எழுதினார். பாரம் ஏறும்போது பிடித்துக்கொண்டு, பாரம் நீங்கியதும் நகரும் இயல்பினது அம்முடிச்சு. அதிலிருந்து தொங்கும் வளையத்திற் காலை ஊன்றி மனிதர் மேலெழுகின்றனர். ஓர் அடிக்கு 40 சென்ரிமீற்றர் உயர்வதாகக் கொண்டால், 10 மீற்றரை ஏற 25 அடிகள் வேண்டும். வளையம் ஒவ்வொரு முறையும் 5 சென்ரிமீற்றர் நீளுமாயின், 29 அடிகள் வேண்டியிருக்கும். களைத்த கால்களுக்கு அந்த நான்கு அடிகளும் சிறியவை அல்ல.

இனி, எக்கயிறு எவ்வளவு நீளும்? தென்னந்தும்பு அறுவதற்கு முன் தன் நீளத்தில் நூற்றுக்கு 15 முதல் 40 பங்கு வரை நீளக்கூடியது. தாவர நாரின் சுவரில் செலுலோசு இழைகள் சுருள் சுருளாகச் சுற்றியிருக்கின்றன. தும்பில் அச்சுருள் நாரின் நெடுக்கிலிருந்து 30 முதல் 45 பாகை வரை சாய்ந்திருப்பதால், இழுக்குந்தோறும் வில்லைப்போல் விரிகிறது. சணலில் அச்சாய்வு ஏறக்குறைய 8 பாகையே. அது நூற்றுக்கு 2 பங்களவே நீளும். ஆயினும் ஈரத்தில் விரைவில் மக்கிவிடும். தும்போ ஈரத்தைத் தாங்கும். சொரசொரப்பினால் மரத்தையும் நன்கு பற்றும்.

செயற்கை நார்களிலும் வேற்றுமை உண்டு. நைலோன் மிக வலியது. ஆனால் நன்றாக நீளும், நனைந்தால் மேலும் இளகும். எனவே மீன்பிடித் தொழிலில் மிஞ்சிய நைலோன் கயிற்றைக் காலுக்குக் கட்டுவது தக்கதன்று. பொலியெஸ்தர் அதனினும் குறைவாகவே நீளும். நனைந்தாலும் பெரிதும் மாறாது. உயர் மூலக்கூற்று நிறையுடைய பொலியெதிலீன் அறும் வரையில் நூற்றுக்கு 4 பங்களவே நீளும். ஆனால் அது வழுவழுப்பானது. சாதாரண முடிச்சு அதில் நழுவும். ஏறக்குறைய 145 பாகை செல்சியசில் உருகுவதால், உராய்வின் வெப்பத்தையும் அஞ்ச வேண்டும். ஆதலின் பொதுவாக பொலியெஸ்தர் பின்னல் கயிறு நடுநிலையான தேர்வு எனலாம்.

பொருளோடு முறுக்கும் முடிச்சும் சேர்த்து எண்ணத்தக்கவை. தறியிற் பாவு தளர்ந்தால் துணி குலையும் என்பதை அயலூரான மருதமுனை நெசவாளர் நன்கறிவர். புதுக்கயிறும் முதற் பாரத்தில் முறுக்கு இறுகி, முடிச்சு அமைந்து, சற்று நீளவே செய்யும். ஆகவே முன்கூட்டியே பலமுறை பாரம் ஏற்றி, அதன்பின் அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். கயிற்றில் ஒரு மீற்றர் இடைவெளியில் இரு குறியிட்டு, நிலத்துக்கு அருகே அதில் நின்று அளந்தால், நீட்சியை எவரும் கணித்துவிடலாம். குறிகளின் இடைவெளி 103 சென்ரிமீற்றரானால் நீட்சி நூற்றுக்கு மூன்று.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. நீளாத கயிறு விழுபவரைத் தாங்குவதற்கு உரியதன்று. விழுபவரின் வேகத்தை நீளும் கயிறு மெல்லமெல்ல அடக்கும். நீளாத கயிறு ஒரே அதிர்ச்சியாக உடலுக்குத் தரும். அதனாலேயே மலையேறுவோரின் உயிர்க்காப்புக் கயிறு நைலோனாற் செய்யப்படுகிறது. காலின் கயிற்றுக்கு நீளாமை குணம். காப்புக் கயிற்றுக்கு நீட்சியே குணம். ஒன்றன் வேலையை மற்றொன்றுக்கு இடாதிருப்பதே ஏறுபவருக்கு முதற் பாதுகாப்பு.