காக்காய்ப்பொன் காக்கும் மின்சாரம்

வீட்டில் பயன்படும் மின்கம்பித் துண்டு ஒன்றின் நுனியைக் கவனித்தால், நடுவில் செம்பும் அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் உறையும் இருப்பதைக் காணலாம். செம்பு மின்சாரத்தைக் கொண்டு செல்கிறது. பிளாஸ்டிக் உறை அது வெளியே பாயாமல் தடுக்கிறது. மின்சாரத்தைத் தன் வழியே செல்ல விடாத இத்தகைய பொருளை மின்கடத்தாப் பொருள் என்பர். அதனால் கிடைக்கும் பாதுகாப்பு மின்காப்பு எனப்படும். வீடுகளுக்கு வரும் மின்சாரத்தின் அழுத்தம் ஏறத்தாழ 230 வோல்ட் ஆகும். அதைத் தடுக்க ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்புள்ள பிளாஸ்டிக் உறையே போதுமானது.

ஆனால், மின்சாரம் உற்பத்தியாகும் இடத்தில் நிலைமை வேறு. பேராக்கில் உள்ள மஞ்சோங், சிலாங்கூரில் உள்ள காப்பார் போன்ற இடங்களில் பெரிய மின்நிலையங்கள் இயங்குகின்றன. இத்தகைய நிலையங்களில் உள்ள பெரிய மின்னாக்கிகள், அதாவது ஜெனரேட்டர்கள், 11,000 வோல்ட் முதல் 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் மின்சாரத்தை உற்பத்தி செய்கின்றன. மின்னாக்கியின் நடுவில் ஆற்றல்மிக்க மின்காந்தம் ஒன்று சுழலும். அதைச் சூழ்ந்து, அசையாத இரும்பு வளையம் ஒன்று இருக்கும். அந்த வளையத்தின் உட்புறத்தில் நீண்ட பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் தடித்த செம்புப் பட்டைகள் பொருத்தப்பட்டிருக்கும். காந்தம் சுழலும்போது இப்பட்டைகளில் மின்சாரம் உண்டாகிறது.

செம்புப் பட்டையில் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் உள்ளது. அதைச் சுற்றியுள்ள இரும்போ நிலத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. இவ்விரண்டுக்கும் இடையே இருப்பது சில மில்லிமீட்டர் தடிப்புள்ள மின்காப்பு உறை மட்டுமே. அந்த உறை ஓரிடத்தில் துளைபட்டாலும் மின்சாரம் தீப்பொறியாகப் பாய்ந்துவிடும். செம்பு உருகும், இரும்பு கருகும், இயந்திரம் உடனே நிறுத்தப்படும். சேதமடைந்த பட்டைகளைக் கழற்றிப் புதியவற்றைப் பொருத்தப் பல வாரங்களோ மாதங்களோ ஆகலாம். அதுவரை வேறு நிலையங்கள் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும். அவற்றால் இயலாவிட்டால் வீடுகளும் தொழிற்சாலைகளும் இருளில் மூழ்கும்.

அப்படியானால், உறையை இன்னும் தடிப்பாகச் சுற்றிவிடலாமே என்று தோன்றலாம். அதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. முதலாவது, வெப்பம். மின்னோட்டம் பாயும்போது செம்பு சூடாகிறது. அந்தச் சூடு உறையின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். தடித்த உறை கம்பளிப் போர்வையைப்போல் சூட்டை உள்ளேயே அடைத்து வைத்துவிடும். இரண்டாவது, இடம். பள்ளத்தின் அளவு மாறாது. உறை தடிக்கத் தடிக்கச் செம்புக்குரிய இடம் சுருங்கும். கிடைக்கும் மின்சாரமும் குறையும். ஆகவே, உறை மெல்லியதாகவும் இருக்க வேண்டும். வலிமையானதாகவும் இருக்க வேண்டும்.

அந்த மெல்லிய உறை மூன்று எதிரிகளை ஒரே நேரத்தில் சந்திக்கிறது. உயர் மின்னழுத்தம் அதைத் துளைக்க முயல்கிறது. வெப்பம் அதை மெல்ல மெல்லச் சிதைக்கிறது. காந்த விசையால் உண்டாகும் அதிர்வு அதை உலுக்குகிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மின்னோட்டம் வினாடிக்கு 50 சுற்றுகள் மாறி மாறிப் பாய்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் காந்த விசை இருமுறை உச்சத்தை அடைகிறது. எனவே, செம்புப் பட்டைகள் வினாடிக்கு 100 முறை அதிர்கின்றன. இது இரவு பகலாகப் பல ஆண்டுகள் தொடர்கிறது. வீட்டுக் கம்பிகளில் பரவலாகப் பயன்படும் பி.வி.சி. பிளாஸ்டிக், ஏறத்தாழ 70 பாகை செல்சியஸ் வெப்பம் வரைதான் நீண்டகாலப் பயன்பாட்டுக்கு ஏற்றது. மின்னாக்கியின் உள்ளே அதனால் நிலைத்திருக்க முடியாது.

இந்த மூன்று எதிரிகளையும் தாங்கக்கூடிய பொருளை மனிதன் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கவில்லை. பாறைகளுக்கு இடையிலிருந்தே எடுத்தான். அதன் பெயர் மைக்கா. தமிழில் இதனைக் காக்காய்ப்பொன் என்று அழைப்பர். சித்த மருத்துவ நூல்களில் அப்பிரகம் என்ற பெயரில் இது குறிப்பிடப்படுகிறது. பளபளப்பான இக்கனிமம், புத்தகத்தின் தாள்களைப்போல் அடுக்கடுக்காக அமைந்திருக்கும். கத்தி முனையால் நெம்பினால் ஓர் இதழ் தனியே பிரியும். அந்த இதழையும் மீண்டும் பிரிக்கலாம். இவ்வாறு, ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு தடிப்புள்ள இதழ்களைக்கூடப் பெற முடியும். மைக்காவில் பல வகைகள் உள்ளன. அவற்றுள் ஒன்று மஸ்கோவைட். முற்காலத்தில் மஸ்கோவி என்று அழைக்கப்பட்ட ரஷ்ய நாட்டில், கண்ணாடிக்குப் பதிலாகச் சன்னல்களில் இது பொருத்தப்பட்டதால் இப்பெயர் அமைந்தது.

மைக்கா தீயில் எரிவதில்லை. மஸ்கோவைட் ஏறத்தாழ 500 பாகை செல்சியஸ் வெப்பத்தையும் தாங்கும். மெல்லிய இதழாக இருந்தாலும் மிக உயர்ந்த மின்னழுத்தத்தைத் தடுத்து நிறுத்தும். எல்லாவற்றுக்கும் மேலாக, சிறு மின்பொறிகள் தொடர்ந்து தாக்கினாலும் அது எளிதில் அரிக்கப்படுவதில்லை. இந்தக் கடைசிப் பண்புதான் உயர் மின்னழுத்த இயந்திரங்களில் அதற்குத் தனி இடத்தைப் பெற்றுத் தந்தது.

எனினும், மைக்காவைக் கயிற்றைப்போல் செம்பின் மீது சுற்ற இயலாது. கூர்மையாக மடித்தால் அது உடைந்துவிடும். பெரிய தகடுகளும் அரிதாகவே கிடைக்கும். இதற்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு வழி கண்டறியப்பட்டது. சிறு சிறு இதழ்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியுமாறு அடுக்கி, பசையிட்டு ஒட்டினார்கள். அத்தாப்புக் கூரையில் ஓலைகள் ஒன்றையொன்று மூடியிருப்பதால் மழைநீர் உள்ளே இறங்குவதில்லை. அதுபோலவே, ஓர் இதழின் விளிம்பை அடுத்த இதழ் மூடிவிடுவதால் மின்சாரம் நேராகப் பாய வழியில்லை.

அக்காலத்தில் உலகிற்குத் தேவையான தரமான மைக்காவின் பெரும்பகுதி இந்தியாவிலிருந்தே சென்றது. இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில் உள்ள கோடர்மா பகுதியும் ஆந்திர மாநிலத்தின் நெல்லூர்ப் பகுதியும் இதற்குப் பெயர் பெற்றவை. சுரங்கத்திலிருந்து வந்த கட்டிகளை உழைப்பாளர்கள் கத்தியால் இதழ் இதழாகப் பிரித்தார்கள். இது கைத்திறனை நம்பிய வேலை. இதழ்களை ஒட்டப் பயன்பட்ட பசையும் இந்தியாவிலிருந்தே சென்றது. அதுதான் அரக்கு. மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின் இது. பாண்டவர்களை அழிக்க அரக்கு மாளிகை கட்டப்பட்ட கதையைப் பலரும் அறிவர். அதே அரக்கு, உலகின் முதல் பெரிய மின்னாக்கிகளில் மின்காப்புக்குத் துணை நின்றது.

இங்கேதான் ஒரு முக்கியமான உண்மை வெளிப்பட்டது. மைக்கா வலிமையானதாக இருந்தாலும், அதைப் பிடித்து வைத்திருக்கும் பசை வலுவற்றதாக இருந்தால் பயனில்லை. அரக்கு ஏறத்தாழ 75 பாகை செல்சியஸ் வெப்பத்திலேயே இளகத் தொடங்கிவிடும். பின்னர், சாலை போடப் பயன்படும் தாரைப் போன்ற நிலக்கீலைப் பசையாகப் பயன்படுத்தினார்கள். அது ஈரத்தை நன்கு தடுத்தது. ஆனால், மின்னாக்கிகள் நீளமாக வளர வளரப் புதிய சிக்கல் ஒன்று தோன்றியது.

ஐந்து மீட்டர் நீளமுள்ள செம்புப் பட்டையின் வெப்பநிலை 60 பாகை செல்சியஸ் உயர்ந்தால், அது ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளும். சுற்றியுள்ள இரும்பு அந்த அளவுக்கு நீள்வதில்லை. சூட்டில் இளகிய நிலக்கீல் உறை, நீளும் செம்போடு சேர்ந்து நகரும். இயந்திரம் நிறுத்தப்பட்டுக் குளிரும்போது செம்பு பழைய நிலைக்குத் திரும்பும். உறையோ முழுமையாகத் திரும்புவதில்லை. ஒவ்வொரு முறை இயக்கி நிறுத்தும்போதும் இவ்வாறு நடந்தால், பள்ளத்தின் முனைக்கு அருகில் உறை பிரிந்து விரிசல் விடும். பல ஆண்டுகள் நன்றாக இயங்கிய இயந்திரம் இதனாலேயே பழுதாகிவிடக்கூடும்.

இதற்கான தீர்வு 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கிடைத்தது. பாலியெஸ்டர், எப்பாக்சி போன்ற செயற்கைப் பிசின்கள் பயன்பாட்டுக்கு வந்தன. இவை ஒருமுறை சூடேறி இறுகிவிட்டால் மீண்டும் உருகுவதில்லை. மைக்காவைப் பயன்படுத்தும் முறையும் மாறியது. கழிவாக ஒதுக்கப்பட்ட சிறு துண்டுகளை நுண்ணிய செதில்களாக்கி, நீரில் கலந்து, காகிதம் செய்வதைப்போல் தாளாக்கினார்கள். இந்த மைக்காத் தாளைக் கண்ணாடி இழைத் துணியோடு சேர்த்து நாடாவாக வெட்டினால், செம்புப் பட்டையின் மீது இயந்திரத்தாலேயே சுற்ற முடியும். பல அடுக்குகள் சுற்றிய பிறகு, பட்டையை மூடிய கலனில் வைத்துக் காற்றை வெளியேற்றுவார்கள். அதன் பின்னர், பிசினை உயர் அழுத்தத்தில் உள்ளே செலுத்துவார்கள். இறுதியில் சூடேற்றினால் உறை முழுவதும் ஒரே கட்டியாக இறுகிவிடும். பிசினை நாடாவிலேயே முன்கூட்டிச் சேர்த்து, அழுத்திச் சூடேற்றும் முறையும் உண்டு.

காற்றை வெளியேற்ற இவ்வளவு பாடுபடுவது ஏன்? காற்று மின்சாரத்தைத் தடுக்கும் ஆற்றல், ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 3,000 வோல்ட் மட்டுமே. உறைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு குமிழி இருந்தாலும், அதற்குள் இருக்கும் காற்றில் நுண்ணிய மின்பொறி தோன்றும். இதனைப் பகுதி மின்னிறக்கம் என்பர். ஒரு பொறியால் பெரிய கேடு இல்லை. ஆனால், ஒவ்வொரு வினாடியும் பலமுறை பொறி தோன்றினால், சுற்றியுள்ள பிசின் சிறிது சிறிதாக அரிக்கப்படும். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் அல்லவா? அரிப்பு மைக்காச் செதிலை அடைந்ததும் நேராக முன்னேற முடியாமல் தடைபடும். செதில்களைச் சுற்றிச் சுற்றியே அது வழி தேட வேண்டும். அதனால்தான் இன்றைய மின்காப்பு உறைகள் பல பத்தாண்டுகள் நீடிக்கின்றன. பகுதி மின்னிறக்கத்தை அளக்கும் கருவிகளும் இன்று உள்ளன. மருத்துவர் நாடி பார்ப்பதைப்போல், பொறியாளர்கள் இந்த அளவுகளைத் தொடர்ந்து கவனிக்கிறார்கள். அளவு கூடிக்கொண்டே போனால், பெரும் சேதம் நேரும் முன்னரே இயந்திரத்தை நிறுத்திச் சீர்செய்யலாம்.

எத்தனை நல்ல பொருளாக இருந்தாலும் வெப்பத்தைக் கட்டுக்குள் வைப்பது இன்றியமையாதது. மொன்ட்சிங்கர் என்ற அமெரிக்கப் பொறியாளர், மின்மாற்றிகளின் மின்காப்பை ஆராய்ந்து 1930இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அதன் வழியாகப் பொறியாளர்களிடையே ஒரு கணிப்பு முறை பரவியது. வெப்பநிலை ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் உயரும்போதெல்லாம் மின்காப்பின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பதே அது. இக்கணிப்பின்படி, குறிப்பிட்ட வெப்பநிலையில் 20 ஆண்டுகள் உழைக்கும் உறை, 10 பாகை கூடினால் ஏறத்தாழ 10 ஆண்டுகளும் 20 பாகை கூடினால் 5 ஆண்டுகளும் மட்டுமே உழைக்கும்.

இதனால், மின்காப்புப் பொருள்கள் அவை தாங்கும் வெப்பத்திற்கேற்ப வகுக்கப்பட்டுள்ளன. பி வகுப்புப் பொருள்கள் 130 பாகை செல்சியஸ் வரையிலும், எஃப் வகுப்புப் பொருள்கள் 155 பாகை செல்சியஸ் வரையிலும் தாங்கும். எஃப் வகுப்பு உறையைச் சுற்றிவிட்டு, பி வகுப்புக்குரிய வெப்ப எல்லைக்குள்ளேயே இயந்திரத்தை இயக்குவது இன்று பரவலான வழக்கம். ஆற்றல் முழுவதையும் அன்றாடம் செலவழிக்காமல் சிறிதளவைச் சேமித்து வைப்பது போன்றது இது. மின்தேவை மிகும் நாள்களில் இயந்திரத்தை அளவுக்கு மீறி இயக்கினால் அப்போதைக்குக் கூடுதல் மின்சாரம் கிடைக்கும். ஆனால், அதன் விலையை உறையின் ஆயுள் செலுத்துகிறது.

மைக்காவுக்கு இன்னொரு விலையும் உண்டு. மின்காப்புக்கு மட்டுமன்றி வண்ணப்பூச்சு, ஒப்பனைப் பொருள்கள் முதலியவற்றிலும் மைக்கா சேர்க்கப்படுகிறது. ஜார்க்கண்ட், பீகார் மாநிலங்களில் கைவிடப்பட்ட சுரங்கங்களிலும் மண்மேடுகளிலும் ஏழைக் குடும்பங்கள் மைக்காத் துண்டுகளைப் பொறுக்கி விற்கின்றன. அக்குடும்பங்களின் சிறுவர்களும் பள்ளிக்குச் செல்லாமல் அவ்வேலையில் ஈடுபட்டிருப்பது பலமுறை வெளிச்சத்துக்கு வந்துள்ளது. குழிகள் சரிந்து உயிரிழந்தவர்களும் உண்டு. இந்நிலையை மாற்றுவதற்காக, மைக்காவை வாங்கும் நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் இணைந்து 2017இல் ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. மைக்கா எங்கிருந்து, யாருடைய உழைப்பால் வருகிறது என்பதைக் கண்டறிந்து, குழந்தைத் தொழிலை ஒழிப்பது அதன் நோக்கங்களுள் ஒன்றாகும்.

அரக்கு போய் நிலக்கீல் வந்தது; நிலக்கீல் போய் எப்பாக்சி வந்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பசைகள் மாறிக்கொண்டே இருந்தாலும், பெரிய மின்னாக்கிகளில் மைக்காவின் இடம் மாறவில்லை. பாறையில் பிறந்த அந்த மெல்லிய இதழ்கள், இரும்புக்கும் செம்புக்கும் நடுவே யார் கண்ணிலும் படாமல் காவல் நிற்கின்றன. அந்த உறையைச் சூடேறாமல் பார்த்துக்கொள்வது பொறியாளரின் கடமை. அந்த இதழ்களை எடுத்துத் தருவோரின் பிள்ளைகள் சுரங்கக் குழிக்குப் போகாமல் பள்ளிக்குப் போவதை உறுதிசெய்வது, மைக்காவை விற்போரும் வாங்குவோரும் ஏற்க வேண்டிய பொறுப்பு.