தினத்தியான நூலைத் தெரிவு செய்வது எப்படி?



நத்தார் நெருங்கும்போதும் தபசு காலம் தொடங்குமுன்பும் எங்கள் கலையகத்துக்கு ஒரு கேள்வி தவறாமல் வரும். "வீட்டில் தினமும் வாசிக்க ஒரு நல்ல தியானப் புத்தகம் சொல்லுங்கோ" என்பதுதான் அது. நான் குருவானவரோ போதகரோ அல்ல. ஜேர்மனியில் கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஆனால் புத்தகம் தெரிவு செய்வதிலும் சில கணக்குகள் உண்டு.

முதலில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2009ஆம் ஆண்டு என் தம்பி எறிகணை பட்டு இறந்த செய்தி வந்தது. ஆறுதலுக்கென்று ஒருவர் அம்மாவுக்கு ஒரு தியான நூலைக் கொடுத்தார். விசுவாசம் உறுதியாக இருந்தால் கேட்டது கிடைக்கும் என்பதையே அது பக்கத்துக்குப் பக்கம் சொல்லியது. அம்மா ஒரு வாரம் வாசித்தார். பிறகு மூடிவைத்துவிட்டு, "அப்ப என்ர செபம்தான் பிழையோ தம்பி?" என்று கேட்டார். பல மாதங்கள் அவர் குடும்பச் செபத்துக்கு வந்து இருக்கவில்லை.

அன்றிலிருந்து எந்தத் தியான நூலை எடுத்தாலும், துன்பத்தைப் பற்றிய பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். இழந்தவரிடமே குற்றம் காண்கிற நூல் எங்கள் வீடுகளுக்கு உதவாது. வேதாகமம் அப்படிப் பேசவில்லை. 150 சங்கீதங்களில் பல புலம்பல்களே. 88ஆம் சங்கீதம் ஆறுதல் எதுவும் சொல்லாமல் இருளிலேயே முடிகிறது. அதற்கும் வேதத்தில் இடமுண்டு என்றால், அழுகிறவருக்குத் தியான நூலிலும் இடம் இருக்கவேண்டும்.

இரண்டாவது, நாட்காட்டி. சில நூல்கள் ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை திகதியிட்டவை. அவற்றை எந்த ஆண்டும் வாசிக்கலாம். ஒஸ்வால்ட் சேம்பர்ஸின் 'மை அட்மோஸ்ட் ஃபோர் ஹிஸ் ஹைஎஸ்ற்' அப்படியானது. அவர் 1917இல் எகிப்தில் இறந்தார். அவருடைய உரைகளைச் சுருக்கெழுத்தில் எடுத்துவைத்திருந்த மனைவி, 1927இல் அதை நூலாக்கினார். பழைய ஆங்கிலம் பிள்ளைகளுக்குக் கடினமென்றால், 1992இல் வந்த எளிய பதிப்பை வாங்குங்கள்.

திருநாட்கால நூல்களில் கவனம் தேவை. சாம்பல் புதன் முதல் பெரிய சனி வரை 46 நாட்கள். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் 40. ஆகவே 40 பக்க நூலில் ஞாயிறுக்கு வாசிப்பு இருக்காது. நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலம், நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும் ஞாயிறன்று தொடங்கும். அது 22 முதல் 28 நாட்கள் வரை நீளும். எனவே டிசம்பர் 1இல் தொடங்கும் நூலைவிட, 'முதலாம் வாரம், திங்கள்' என்று பிரித்த நூலே எல்லா ஆண்டுக்கும் பொருந்தும்.

மூன்றாவது, எந்த வேதாகமத்தைத் துணையாகக் கொண்ட நூல் என்று பாருங்கள். 1995இல் வெளிவந்த திருவிவிலியத்தில் 73 நூல்கள் உண்டு; பழைய வேதாகமத்தில் 66. பழைய கத்தோலிக்க செபப் புத்தகங்களில் பெரும்பாலான சங்கீதங்களின் எண் ஒன்று குறைந்திருக்கும். நல்லாயனைப் பற்றிய 23ஆம் சங்கீதம் அங்கே 22. பக்கம் பிழை என்று எண்ணவேண்டாம்.

கடைசியாக, எங்கள் வீட்டுச் சிக்கலைத் தீர்த்த நூல். அம்மாவுக்கு ஜேர்மன் வாசிக்கத் தெரியாது. மகளுக்குத் தமிழ் வாசிப்பு மெதுவாகத்தான் வரும். இங்குள்ள புத்தகக் கடைகளில் 'லோசுங்கன்' என்றொரு சிறு நூல் ஆண்டுதோறும் கிடைக்கும். 1722இல் மொராவியாவிலிருந்து தம் விசுவாசத்துக்காக ஓடிவந்த அகதிகள் சக்சனியில் கட்டிய ஊர் ஹெர்ன்ஹூட். அங்கே 1728இல் ஒரு வசனத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சொல்லும் வழக்கம் தொடங்கியது. 1731 முதல் அது நூலாக வருகிறது. பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அதற்குப் பொருத்தமான புதிய ஏற்பாட்டு வசனத்தைத் தேடிச் சேர்ப்பார்கள். நீண்ட விளக்கம் எதுவும் இல்லை.

மகள் ஜேர்மனில் வாசிப்பாள். அம்மா அதே வசனத்தைத் தன் தமிழ் வேதாகமத்தில் தேடி வாசிப்பார். ஜேர்மன் வேதாகமத்தில் பல சங்கீதங்களின் தலைப்பையும் வசனமாக எண்ணுவதால், தமிழில் ஒன்று, சிலவேளை இரண்டு குறைத்துப் பார்க்கவேண்டும். அந்தக் கழித்தல் கணக்கு மட்டும் என் பொறுப்பு.

ஐந்து நிமிடம்தான். ஆனால் அம்மா மீண்டும் மேசைக்கு வந்தார். எனவே வாங்குமுன் கடையிலேயே மூன்று பக்கம் வாசித்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் மிகவும் நொந்திருப்பவர் அதைக் கேட்டால் எழுந்து போவாரா, இருப்பாரா என்று எண்ணிப் பாருங்கள். இருப்பார் என்றால் வாங்குங்கள்.

அடுத்த மாத உரையில் சந்திப்போம்.