ஒரே மலை... 3 மாவட்டம்... 2 தேர்தல்! ஜவ்வாது மலை உள்ளாட்சியின் கதை

ஜமுனாமரத்தூர் பக்கம் இருப்பவர்கள் 2019 டிசம்பரில் பஞ்சாயத்துத் தலைவர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். அதே மலையில் இருக்கும் புதூர்நாட்டு மக்களுக்கு 2021 அக்டோபரில்தான் ஓட்டுப் போட வாய்ப்பு கிடைத்தது. மலை ஒண்ணு, மக்களும் ஒண்ணு. அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

பஞ்சாயத்துக்கு முன்னாடி யார்?

ஜவ்வாது மலையில் பெரும்பாலும் வசிப்பவர்கள் தமிழ் பேசும் மலையாளி பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. ஊர்த் தகராறு, கல்யாணம், திருவிழா எல்லாவற்றையும் ஊர்க்கவுண்டர், நாட்டார் போன்ற பெரியவர்கள் கூடித்தான் முடிவு செய்தார்கள். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்ற பெயர்களில் அந்தப் பழைய 'நாடு' இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கோடு போட்டது யார்?

வெள்ளைக்காரர் காலத்தில் திருப்பத்தூர் தாலுகா சேலம் மாவட்டத்திலும், போளூர் தாலுகா வட ஆற்காட்டிலும் இருந்தன. 1911-ல் திருப்பத்தூரும் வட ஆற்காட்டுக்கு வந்தது. 1989 செப்டம்பர் 30-ல் வட ஆற்காடு இரண்டானபோது மலையும் இரண்டானது. 2019 நவம்பரில் திருப்பத்தூர் தனி மாவட்டமானதும் வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என மலை மூன்று மாவட்டங்களில் நிற்கிறது.

1958 பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு வந்த ஒன்றியங்களிலும் இதே நிலைதான். திருவண்ணாமலை பக்கத்துக்கு ஜமுனாமரத்தூரிலேயே ஜவ்வாது மலை ஒன்றிய அலுவலகம் இருக்கிறது. புதூர்நாட்டுக்காரர்கள் திருப்பத்தூர் ஒன்றியத்தில், பீஞ்சமந்தைக்காரர்கள் அணைக்கட்டு ஒன்றியத்தில். ஒன்றிய அலுவலக வேலை என்றால் மலையை விட்டு இறங்கணும்.

தேர்தல் ஏன் பிரிந்தது?

தமிழகம் முழுக்க உள்ளாட்சிப் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. 2019-ல் தேர்தல் அறிவித்தபோது, புதிதாகப் பிரிக்கப்பட்ட மாவட்டங்களில் வார்டு மறுவரையறையை முடித்துவிட்டுத் தேர்தல் நடத்தச் சொன்னது உச்ச நீதிமன்றம். அதனால் வேலூர், திருப்பத்தூர் உட்பட 9 மாவட்டங்கள் தள்ளிப்போயின. மலையின் ஒரு பக்கம் மூன்று வருஷத்துக்கு மேல், இன்னொரு பக்கம் ஐந்து வருஷம், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாமல் தனி அலுவலர்கள் கையில் இருந்தது.

சரி, இதனால் என்ன?

2023 மே மாதம் அணைக்கட்டு அருகே அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. சாலை இல்லாததால் உடலைத் தாயே சுமந்து நடந்தார். இந்த மலையில் சாலை என்றால் பெரும்பாலும் காட்டு வழிதான். வன உரிமைச் சட்டம் 2006-ன் 3(2) பிரிவு, சாலை, பள்ளி, குடிநீர் போன்ற 13 வசதிகளுக்கு 1 ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைத் தர வழி செய்கிறது. அதற்கு கிராம சபை பரிந்துரைக்க வேண்டும் என்பது நிபந்தனை.

பழங்குடிப் பகுதிக்குத் தனிச் சட்டம் இல்லையா?

இருக்கிறது. 1996-ல் வந்த 'பெசா' சட்டம் பழங்குடி கிராம சபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தருகிறது. ஆனால் அது அரசியல் சாசனத்தின் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும்தான். ஆந்திரா, ஒடிசா உட்பட 10 மாநிலங்களில் அப்படிப்பட்ட பகுதிகள் உண்டு. தமிழ்நாட்டில் ஓர் ஊர்கூட இல்லை. பழங்குடியினருக்குப் பதவி இடஒதுக்கீடு உண்டு, நிலத்திலும் காட்டிலும் அந்தக் கூடுதல் அதிகாரம் கிடையாது.

அடுத்து என்ன?

திருவண்ணாமலை பக்கம் ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, நிர்வாகம் மறுபடி தனி அலுவலர்களிடம் போனது. மற்ற இரண்டு பக்கமும் 2021-ல் ஜெயித்தவர்களுக்கு 2026 அக்டோபர் வரை பதவிக்காலம். தலைவர் நாற்காலி காலியாக இருந்தாலும் கிராம சபை கலைவதில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்துக்கு ஆறு நாள் அது கூடும். வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிற யாரும் அங்கே எழுந்து கேட்கலாம்: எங்க ஊருக்கு ரோடு எப்போ?