4கே-வுக்கு மாத்தினா மட்டும் திரை கறுக்குதா? கேபிள் வழியில் நடப்பது இதுதான்!

புது 4கே டிவியைச் சுவரில் மாட்டியாச்சு. கேம் கன்சோல் அறையின் மறுகோடியில். நடுவில் 10 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள். 1080பி-யில் படம் பளிச்சென்று ஓடுகிறது. 4கே-வுக்கு மாற்றினால் மட்டும் வெள்ளைப் புள்ளிகள் மினுங்குகின்றன, அடிக்கடி திரை கறுத்துப்போகிறது. டிவி போச்சா? அவசரப்படாதீங்க. சிக்னல் பாதி வழியிலேயே களைத்துப்போயிருக்கலாம்.

டிஜிட்டல்னா 0, 1 தானே, அது எப்படிக் கெடும்?

கம்பியில் ஓடுவது எண்கள் இல்லை, ஏறி இறங்கும் மின்னழுத்தம். வேகம் கூடக்கூட, செம்புக் கம்பி அதை அதிகமாக விழுங்கும். 1080பி 60 ஃபிரேம் வீடியோவுக்கு விநாடிக்குச் சுமார் 4.5 ஜிகாபிட் போதும். அதுவே முழு வண்ணத்துடன் 4கே 60 ஃபிரேம் என்றால், கிட்டத்தட்ட 18 ஜிகாபிட். அதே கேபிளுக்கு நான்கு மடங்கு சுமை! எச்டிஎம்ஐ 2.1-ல் உச்சம் 48 ஜிகாபிட்.

பழைய அனலாக் டிவியில் படம் மெல்ல மெல்ல மங்கும். டிஜிட்டலில் ஓர் எல்லை வரை எந்தக் குறையும் தெரியாது. தாண்டினால் ஒரேயடியாகச் சரிந்துவிடும்.

இதைச் சரிசெய்யும் சிப்கள் என்னென்ன?

மங்கிப்போன ஒரு கடிதத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

ரீடிரைவர்: கடிதத்தை அடர்த்தியாக ஜெராக்ஸ் எடுப்பது மாதிரி. கேபிள் விழுங்கிய உயர் அதிர்வெண்களை 'ஈக்வலைசர்' மூலம் தூக்கிவிட்டு, சிக்னலுக்குப் பலம் கொடுக்கும். விலை குறைவு, மின்சாரமும் குறைவு. ஆனால் எழுத்தோடு சேர்ந்து கறையும் கறுப்பாகும். அதாவது இரைச்சலும் பெருகும்.

ரீடைமர்: கடிதத்தைப் படித்து, புதிதாக டைப் அடிப்பது. வரும் சிக்னலிலிருந்தே நேரக்கணக்கை மீட்டு, ஒவ்வொரு பிட்டையும் புதிதாக அனுப்பும். 'ஜிட்டர்' எனும் நேரத் தடுமாற்றம் பெருமளவு நீங்கிவிடும். செலவும் சூடும் அதிகம்.

ஆனால் படிக்கவே முடியாத அளவு அழிந்த கடிதத்தை ரீடைமராலும் காப்பாற்ற முடியாது. அதனால்தான் சிப்பை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம்.

எதை எப்போது தேர்ந்தெடுப்பது?

* லேப்டாப் போர்டுக்குள் ப்ராசஸரிலிருந்து போர்ட் வரையிலான சிறு இழப்பு என்றால், பெரும்பாலும் ரீடிரைவரே போதும்.
* நீளமான கேபிள், நடுவில் பல இணைப்புகள் என்றால் ரீடைமர்தான் பாதுகாப்பு. ரீடிரைவர்களை வரிசையாகப் போட்டால் இரைச்சல் சேர்ந்துகொண்டே போகும்.
* ஈக்வலைசர் அளவு நிலையாக இருந்தால் எச்சரிக்கை. 10 மீட்டருக்கு வைத்த அளவு, 1 மீட்டர் கேபிளில் சிக்னலைக் கெடுத்துவிடும். கேபிளுக்கு ஏற்பத் தானே மாறும் 'அடாப்டிவ்' வகை நல்லது.

டிவி ஸ்டூடியோக்களில் பல மீட்டர் ஓடும் எஸ்டிஐ கேபிள்களிலும் இதே கதைதான். அனுப்பும் முனையில் கேபிள் டிரைவர், பெறும் முனையில் ஈக்வலைசர், அதையடுத்து ரீகிளாக்கர். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எல்எம்எச்1219 சிப், கடைசி இரண்டையும் ஒன்றாகவே செய்கிறது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்?

முதலில் 2 மீட்டர் தரமான கேபிளைப் போட்டுப் பாருங்கள். பிரச்சினை போய்விட்டால் டிவி மேல் குற்றமில்லை. நீளமாகத்தான் வேண்டும் என்றால், முனைகளிலேயே சிப் வைத்து, ஒளியிழை வழியே அனுப்பும் ஆப்டிகல் எச்டிஎம்ஐ கேபிள் வாங்கலாம். அதில் 'சோர்ஸ்', 'டிஸ்ப்ளே' என்று முனைகளைக் குறித்திருப்பார்கள். மாற்றிச் செருகினால் படமே வராது. சுவரை உடைத்துப் பதிக்கும் முன், தரையில் விரித்துப்போட்டு ஒருமுறை 4கே-வில் ஓட்டிப் பார்த்துடுங்க!