லேசர் பெட்டியும் கல்முனைப் புழுக்கமும்

தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே கேளுங்கள் தம்பி. கே40 என்று சீனாவிலிருந்து வருகிற மலிவு லேசர் பெட்டி முக்கால் மெஷின்தான். மீதிக் காலை வாங்கினவர் செய்துகொள்ள வேண்டும். அந்தக் கால் எது என்பதை ஊரின் காற்றும் தண்ணீரும் தீர்மானிக்கும். நம் கரையில் அது பெரிய கால்.

40 வாட் என்று எழுதியிருப்பார்கள். 30, 35 வந்தாலே நல்ல லேசர்க் குழாய். வெட்டும் இடம் ஏறத்தாழ ஏ4 தாள் அளவு. கலியாணப் பெயர்ப்பலகை, பெருநாள் அலங்காரம், சுவரில் மாட்டும் அரபு எழுத்தணி எல்லாம் 3 மில்லிமீற்றர் எம்.டி.எஃப்பிலும் அக்ரிலிக்கிலும் தாராளமாக வெட்டலாம். மருதமுனைக் கைத்தறித் துணியை வெட்டித் தரச் சொல்லி யாராவது வருவார்கள். பொலியெஸ்டர் என்றால் ஓரம் உருகி ஒட்டிக்கொள்ளும். பருத்தி பழுப்பாகக் கருகும். சொல்லிவிட்டு வெட்டுங்கள்.

உள்ளே இருப்பது காபனீரொக்சைட் அடைத்த கண்ணாடிக் குழாய். இந்த வகை லேசரை 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவாக்கியவர் குமார் பட்டேல். மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்தவர். குழாய்க்குப் பதினையாயிரம் வோல்ட்டுக்குக் குறையாமல் போகிறது. அதில் சின்னப் பங்குதான் ஒளியாகும், மிச்சம் சூடு. 20 லீற்றர் வாளித் தண்ணீரைச் சுற்றவிட்டு ஒரு மணித்தியாலம் விடாமல் வெட்டினால், தண்ணீர் 8, 9 பாகை ஏறிவிடும். இங்கே வாளித் தண்ணீர் தொடங்கும்போதே 28, 29 பாகை. குழாய் விரும்புவதோ 25க்குக் கீழே.

உடனே ஐஸ் போத்தலைப் போடுவோம் என்பீர்கள். குளிர்நாட்டுக்காரர் சொல்வதும் அதுதான். ஆனால் நம் காற்று 30 பாகையும் 75 வீத ஈரப்பதனுமாக இருக்கும்போது, 25 பாகைக்குக் கீழே போன எந்தப் பொருளிலும் பனி படியும், ஐஸ் தண்ணீர்க் கிளாஸ் வெளியே வியர்க்கிற மாதிரி. குழாயின் நுனியில், உயர் வோல்ட் ஏறுகிற இடத்தில் அந்த ஈரம் படிந்தால் மின்சாரம் பெட்டியின் தகட்டுக்குப் பாய்ந்துவிடும். காற்றில் உப்பும் கலந்திருப்பதால் இன்னும் லேசாகப் பாயும். ஆகவே தண்ணீரை மட்டும் குளிராக்கிப் பயனில்லை, காற்றையும் காய வைக்க வேண்டும். ஏசி அறை அந்த வேலையைச் செய்யும். அதற்கு வசதியில்லாவிட்டால் தண்ணீரை 25, 26 பாகையில் வைத்து, மில்லி அம்பியரைக் குறைத்து, ஆற விட்டு ஆற விட்டு வெட்டுங்கள். சில பெட்டிகளில் வெறும் வீதக் கணக்குத்தான் தெரியும்; தெரிந்த கரண்ட் பாஸைக் கூப்பிட்டு முள் மீற்றர் ஒன்று பொருத்துங்கள். முள் 15ஐத் தாண்ட வேண்டாம்.

கிணற்றுத் தண்ணீர் ஊற்றவே கூடாது. சுனாமிக்கு முன்பே உவர் இருந்த கிணறுகள் எத்தனை! உவர் நீரில் மின்சாரம் கசியும், குழாயில் படிவும் கட்டும். பேட்டரித் தண்ணி வாங்குங்கள். அதே கரண்ட் பாஸிடம் எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள். காய்ந்த மணலில் எர்த் கம்பி பேருக்குத்தான் நிற்கும். ஈரம் தொடும் ஆழத்துக்கு இறங்கியிருக்க வேண்டும்.

அடுத்தது காற்று. வெட்டும் இடத்தில் ஊதிவிட ஒரு சின்ன கம்ப்ரசர் இருந்தால் தீயும் அடங்கும், லென்ஸிலும் புகை படியாது. கூட வந்த புகைபோக்கி விசிறி பலவீனமானது. வலுவானதாக மாற்றி, புகைக் குழாயைக் கூரைக்கு மேலே விடுங்கள். ரெக்சினை இந்தப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. அது பெரும்பாலும் பி.வி.சி, எரிந்தால் வரும் அமில ஆவி நெஞ்சையும் கெடுக்கும், இரும்பையும் தின்னும். வெட்டிக்கொண்டிருக்கும்போது பாங்கு சொன்னால் மெஷினை நிறுத்திவிட்டுப் பள்ளிக்குப் போங்கள். ஓடவிட்டு எழும்புகிறவர் வீட்டில்தான் எம்.டி.எஃப் தீப்பிடிக்கும்.

மெஷினை இயக்குகிற போர்டை மாற்றும் யோசனையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கூட வருகிற எம்2 நானோ போர்டுக்குக் கே40 விஸ்பரர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, வெட்டுவதற்கு அது தாராளம். படத்தின் நிழல்களுக்கேற்ப ஒளியைக் கூட்டிக் குறைத்துப் பொறிக்க ஆசை வந்தால் அப்போது புதுப் போர்டு வாங்கலாம். இந்த மாதக் காசு எர்த்துக்கும் விசிறிக்கும் போகட்டும்.