தீர்மானம் போட்டாச்சு, நிலம் தப்பிச்சாச்சா?

சிப்காட் வருதாம், பைபாஸ் வருதாம் என்று அவிநாசிப் பக்கம் பேச்சுக் கிளம்பினால் போதும், ஊரே திரண்டு கிராம சபைக்குப் போகும். ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறும். போட்டோ வாட்ஸ்அப்பில் சுற்றும். அதோடு அவரவர் தோட்டத்து வேலையைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். நோட்டீஸ் வரும் நாளில் தேடினால், தீர்மானத்தின் நகல்கூட ஊரில் ஒருவரிடமும் இருக்காது. இதைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சலித்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கசப்பான விஷயம். பட்டா நிலத்தை அரசு எடுப்பதைத் தடுக்கும் அதிகாரம் கிராம சபைத் தீர்மானத்துக்கு இல்லை. ஒடிசாவின் நியம்கிரியில் 2013-ல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி 12 கிராம சபைகள் கூடி பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன, சுரங்கம் நின்றது. அங்கே வன உரிமைச் சட்டம் பின்னால் இருந்தது. நம் வாழைத் தோட்டத்துக்கு அந்தச் சட்டம் வராது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் கிராம சபை தீர்மானத்துக்கு மேல் தீர்மானம் போட்டது. நில எடுப்பு நிற்கவில்லை. பக்கத்து அன்னூரில் 3,862 ஏக்கரில் தொழிற்பூங்கா என்ற அறிவிப்பு வந்தது. விவசாயிகள் விடாமல் நின்ற பிறகுதான், தனியார் நிறுவனங்களிடம் உள்ள சுமார் 1,630 ஏக்கர் போதும், விவசாயிகளின் நிலத்தைக் கட்டாயப்படுத்தி எடுக்க மாட்டோம் என்று 2022 டிசம்பரில் அரசு இறங்கி வந்தது. தீர்மானம் ஓர் ஆவணம். அதை எடுத்துப் போய்ப் பேச ஆள் வேண்டும்.

நோட்டீஸ் வந்தால், எந்தச் சட்டத்தின் கீழ் என்று பாருங்கள். மத்திய அரசின் 2013 நில எடுப்புச் சட்டத்தில் சமூகத் தாக்க ஆய்வு உண்டு. தனியாருக்காக எடுத்தால் நிலம் இழக்கும் குடும்பங்களில் 80 சதவீதத்தின் சம்மதம் வேண்டும். சிப்காட் போன்றவற்றுக்குத் தமிழ்நாட்டில் பயன்படுத்துவது 1997-ஆம் ஆண்டின் தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம். அதில் இந்தப் பாதுகாப்புகள் இல்லை. பிரிவு 3(2) நோட்டீஸில், 'நிலத்தை ஏன் எடுக்கக் கூடாது' என்று கேட்பார்கள். நீங்கள் பேசக் கிடைக்கும் வாசல் அது ஒன்றுதான். அடுத்து 3(1) அறிவிக்கை அரசிதழில் வெளியானால், அன்றைய தேதியிலிருந்தே நிலம் அரசுடையது. தேசிய நெடுஞ்சாலை என்றால் ஆட்சேபத்துக்கு அறிவிக்கை வெளியானதிலிருந்து 21 நாள்தான்.

"நோட்டீஸை வாங்கினா சம்மதம்னு எழுதிக்குவாங்க" என்று கதவைச் சாத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வாங்காவிட்டால் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள். நாள் அதுபாட்டுக்கு ஓடும். வாங்குங்கள். வாங்கிய தேதியை எழுதிக் கையெழுத்திடுங்கள். கெடுவுக்குள் பதில் கொடுங்கள். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுக்கும் மனு இதற்குப் பதில் ஆகாது. நோட்டீஸில் கையெழுத்திட்ட அதிகாரிக்கே, ஒவ்வொரு பட்டாதாரரும் தனித்தனியாக, சர்வே எண், உட்பிரிவு, கிணறு, போர், மின் இணைப்பு எண், மரங்கள் எல்லாம் குறித்து எழுத வேண்டும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை, தபால் என்றால் ஒப்புகை. இந்த இரண்டில் ஒன்றுகூட இல்லாத ஆட்சேபம் கொடுக்காத ஆட்சேபம்தான்.

நோட்டீஸ் வரும் வரை காத்திருக்காமல் இன்றே பார்க்க வேண்டியது அடங்கல் என்னும் பயிர்ப் பதிவேடு. தோட்டத்தில் வாழை குலை தள்ளி நிற்கும். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் 'தரிசு' என்று இருக்கும். வந்து பார்க்காமலே போன வருடப் பதிவை அப்படியே எழுதிவிட்டுப் போகிறவர்களை என்ன சொல்வது? தரிசு நிலம்தானே எடுக்கிறோம் என்று நாளை அரசு சொல்லும்போது கையில் ஆதாரம் வேண்டாமா? ஒவ்வொரு பசலியிலும் நகல் வாங்குங்கள். தப்பாக இருந்தால் அவிநாசி தாசில்தாருக்கு எழுத்தில் கொடுங்கள். 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. குளத்துக்குத் தண்ணீர் வந்து பாசனம் கூடியிருந்தால் அதுவும் பதிவாகட்டும். பட்டா இன்னும் தாத்தா பெயரில் என்றால் நோட்டீஸும் செத்துப்போன தாத்தாவுக்குத்தான் வரும். வாரிசுச் சான்றோடு இ-சேவை மையத்தில் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள்.

இனி கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். திருப்பூர் மாவட்ட ஊராட்சிகளில் 2020-ல் பொறுப்பேற்ற தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவர் இல்லை என்பதற்காகக் கிராம சபை நின்றுவிடாது. அந்தச் சாக்கை ஏற்காதீர்கள். 'தொழிற்பேட்டைக்கு எதிர்ப்பு' என்ற ஒற்றை வரித் தீர்மானம் எதற்கும் உதவாது. சர்வே எண்கள், எத்தனை ஏக்கர், என்ன பயிர், எந்தக் குளம், எந்த ஓடை என்று விவரமாக எழுதச் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் வருகைக் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்து. படிக்காமல் கையெழுத்து வேண்டாம், வேண்டவே வேண்டாம்.

சான்றிட்ட நகலை எழுத்தில் கேளுங்கள். இழுத்தடித்தால் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஊராட்சி ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டம் பிரிவு 6(1)-இன் கீழ் மனு. 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. அந்த நகல்தான் உங்கள் 3(2) பதிலோடு இணைப்பாகப் போக வேண்டியது. நோட்டீஸ் கெடுவோ 30 நாள் காத்திருக்காது. அதனால் கூட்டம் முடிந்த வாரமே கேட்டு வாங்கிவிடுங்கள்.

நகரத்தை ஒட்டிய ஊராட்சிக்காரர்களுக்கு இன்னொன்று. ஊராட்சியை நகராட்சியோடு இணைத்தால் அதன் கிராம சபையும் போய்விடும். இணைப்பு அறிவிப்பு வந்ததுமே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். 'ரோடு, தெருவிளக்கு வரும்' என்று சும்மா இருந்துவிட்டு, பிறகு நிலப் பிரச்சினைக்குக் கிராம சபையைக் கூட்டுங்கள் என்று ஒன்றிய அலுவலகத்தில் போய் நின்றால், கூட்டுவதற்கு அங்கே சபை இருக்காது.